செரோக்கி எழுத்தும் 5109ஆம் நம்பரும்

பொட்டி தட்டுற தொழில்ல இருக்கிற மக்களுக்கு ஒரு கேள்வி. ரெண்டு சொல்லை, பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காம ஒப்பிடணும்னா என்ன செய்வீங்க? ரெண்டையும் சின்ன எழுத்தா மாத்திட்டு, ஒண்ணா இருக்கான்னு பாப்பீங்க. ஆங்கிலம், கிரேக்கம், ரஷ்யன், ஆர்மீனியன் எதுவானாலும் இதான் வழி. யூனிகோடுகாரங்க இதுக்குன்னே ஒரு பட்டியல் வெச்சிருக்காங்க, 'கேஸ் ஃபோல்டிங்'னு பேர். இடது பக்கம் ஒரு எழுத்தோட எண், வலது பக்கம் அது எதுவா மடங்கணுமோ அதோட எண். ஆயிரத்துக்கு மேல வரிகள் போகும். கிட்டத்தட்ட எல்லா வரியும் பெருசு சிறுசா மடங்குற கதைதான்.

ஒரே ஒரு மொழியோட எழுத்து மட்டும் அங்க தலைகீழா நிக்குது. சிறுசுதான் பெருசா மடங்கும்.

அது செரோக்கி. அமெரிக்கப் பழங்குடிகள்ல ஒரு மக்களோட மொழி. இந்த விதிவிலக்கு எப்படி வந்துச்சுன்னு நோண்டப் போனா, 1820கள்ல அச்சுக்குப் போற வழியிலயே தொலைஞ்சு போன ஓர் எழுத்து 2015ல திரும்பி வந்த கதையும் சேர்ந்து கிடைச்சுது. ரெண்டும் ஒரே கதையோட ரெண்டு முனைன்னு எனக்குத் தோணுது. பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காப்பியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

சீக்வோயா பிறந்தது 1770களை ஒட்டி, இன்னிக்கு டென்னசி மாநிலமா இருக்கிற பகுதியில. வெள்ளி வேலையும் கொல்லு வேலையும் தெரிஞ்சவர். ஜார்ஜ் கெஸ் என்று ஓர் ஆங்கிலப் பெயரும் உண்டு. ஆனால் ஆங்கிலம் எழுதவோ படிக்கவோ தெரியாது. வெள்ளைக்காரன் ஒரு தாளில் கிறுக்கி அனுப்புகிறான், எங்கேயோ இருக்கிற இன்னொருத்தன் அதைப் பார்த்துவிட்டு இவன் சொன்னதை அப்படியே சொல்கிறான். இது ஏதோ மாயம் என்று ஊரே நினைத்தபோது, மாயம் எல்லாம் இல்லை, நம்ம பேச்சுக்கும் இப்படிச் செய்யலாம் என்று 1809 வாக்கில் உட்கார்ந்தவர் இவர். முதலில் ஒரு சொல்லுக்கு ஒரு குறி என்று ஆரம்பித்தார். குறிகள் குவிந்துகொண்டே போயின. எவன் இத்தனையையும் ஞாபகம் வைத்துக்கொள்வான்? அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சொல்லை ஒலித்துண்டுகளாக உடைத்தார். எத்தனை வகைத் துண்டு வருகிறது என்று எண்ணினார். சுமார் 12 வருஷம் இதே வேலை. 1821ல் 86 எழுத்துகளோடு முடித்தார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தேவை என்னன்னு எழுதிக் கொடுக்க ஆள் இல்லை, முன்மாதிரி இல்லை, எழுத்துன்னா என்னன்னே தெரியாத இடத்துலேர்ந்து ஒரு தனி மனுஷன் முழு எழுத்துமுறையை உருவாக்கியிருக்கார். உலக வரலாற்றுல இப்படி நடந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான்.

ஊர்க்காரங்க நம்பலை. அதனால சின்னப் பெண்ணான தன் மகள் அயோக்காவுக்கு எழுத்தைக் கத்துக் கொடுத்து, பெரியவங்க முன்னாடி சோதனை வெச்சுக் காட்டினார். அந்தப் பொண்ணு காதுல விழாத தூரத்துல நிக்க, அவங்க சொன்னதை இவர் எழுதுவார். பொண்ணு வந்து படிச்சுக் காட்டும். அதுக்கப்புறம் பரவின வேகம் இருக்கே, பள்ளிக்கூடம் எல்லாம் தேவைப்படல. ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் கத்துக்கிட்டாங்க. ஒலிக்கு ஒரு எழுத்துங்கிறதால பட்டியலை மனப்பாடம் பண்ணிட்டா படிப்பு முடிஞ்சுது. எழுத்துக்கூட்டல் தகராறே கிடையாது.

நம்ம உயிர்மெய்யோட இதை ஒப்பிட்டுப் பாக்கத் தோணும். ஆனா முக்கியமான வித்தியாசம் ஒண்ணு இருக்கு. நமக்கு க, கா, கி எல்லாத்துக்கும் அடியில ஒரே 'க' உக்காந்திருக்கும், கால் கொம்பு மட்டும் மாறும். செரோக்கியில லா ஒரு வடிவம், லூ இன்னொரு வடிவம், ரெண்டுக்கும் உறவே தெரியாது. ஆங்கில 'டபிள்யூ' மாதிரி இருக்கிறது லா. 'எம்' மாதிரி இருக்கிறது லூ. 'ஹெச்' மாதிரி இருக்கிறது மி. 'டி' மாதிரி இருக்கிறது அ. 'இசட்' மாதிரி இருக்கிறது நோ. நாலுங்கிற இலக்கம் மாதிரி இருக்கிறது சே! ஆங்கிலப் புத்தகத்தைப் பாத்து உருவத்தை மட்டும் எடுத்துக்கிட்டார், அதோட ஒலி அவருக்குத் தெரியவும் தெரியாது, தேவையும் இல்லை. புள்ளி வெச்ச மெய் மாதிரி தனி மெய் ஒண்ணே ஒண்ணுதான் உண்டு, 'ஸ்'. உயிர் ஆறு. அ, எ, இ, ஒ, உ போக, மூக்கால ஒலிக்கிற ஓர் உயிர். ஆங்கிலத்துல எழுதும்போது அதுக்கு 'வி' எழுத்தைப் போடுவாங்க.

அந்த ஆறாவது உயிர்தான் நம்ம கதைக்கு வேணும். ஒவ்வொரு மெய் வரிசையிலும் கடைசியா அது வரும். 'க' வரிசையில உண்டு, 'ல' வரிசையில உண்டு. 'ம' வரிசையில?

செரோக்கி மொழியில ஒரு விசேஷம், உதட்டை மூடிப் பேசற ஒலிகள் அநேகமா கிடையாது. 'ப' கிடையாது. 'ம' மட்டும் உண்டு, அதுவும் ரொம்பக் கொஞ்சம் சொற்கள்ல. அப்படின்னா மகரத்தோட மூக்கொலி உயிர் சேர்ந்து வர்ற இடம் எத்தனை இருக்கும்? சீக்வோயா அதுக்கும் ஓர் எழுத்து போட்டு வெச்சிருந்தார். அதுதான் 86ல ஒண்ணு.

*

1825ஐ ஒட்டி, அச்சு வேணும்கிற பேச்சு வந்தது. சாமுவேல் வூஸ்டர் என்ற பாதிரியாரும், எலையஸ் பூடினாட் என்ற படித்த செரோக்கி இளைஞரும் இதில் முக்கியமான ஆட்கள். பணம் செரோக்கி அரசே ஒதுக்கியது. பாஸ்டனில் ஈய எழுத்து வார்த்தார்கள். 1828 பிப்ரவரி 21 அன்று ஜார்ஜியாவில் நியூ எக்கோட்டா என்ற தலைநகரிலிருந்து 'செரோக்கி ஃபீனிக்ஸ்' முதல் இதழ் வந்தது. ஆங்கிலமும் செரோக்கியும் கலந்த பத்திரிகை. அமெரிக்கப் பழங்குடி மக்கள் நடத்திய முதல் செய்தித்தாள். ஆசிரியர் பூடினாட்.

அச்சுக்குப் போகும்போது மூணு விஷயம் நடந்துச்சு. சீக்வோயா கையால எழுதின உருவங்கள் சுழிச்சுச் சுழிச்சு ஓடுற மாதிரி இருக்கும், அச்சுல வந்தது நிமிர்ந்து நிக்கிற வேற மாதிரி உருவங்கள். சீக்வோயா போட்ட வரிசை போய், ஆங்கில உயிர் வரிசையில ஒரு கட்டம் போட்ட அட்டவணை வந்துச்சு. மூணாவது, 86 என்பது 85 ஆச்சு. அந்த 'ம' வரிசைக் கடைசி எழுத்தைக் கழட்டி விட்டாங்க. உபயோகமில்லாத எழுத்துக்கு எதுக்கு ஒரு அச்சு வார்க்கணும்? அச்சுக்கோப்பவன் கண்ணோட்டத்துல சரியான முடிவுதான். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

அடுத்து நடந்தது எல்லாருக்கும் ஓரளவு தெரிஞ்ச சோகம். 1830ல் பழங்குடிகளை அப்புறப்படுத்தும் சட்டம். வூஸ்டரை ஜார்ஜியா அரசு சிறையில் போட்டது, 1832ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லியும் நிலைமை மாறவில்லை. 1834ல் ஃபீனிக்ஸ் நின்றது. 1835ல் ஜார்ஜியா காவல்படை வந்து அச்சகத்தையே பறித்துக்கொண்டது. 1838-39ல் சுமார் 16,000 பேரை ராணுவத்தை வைத்து மேற்கே விரட்டினார்கள். வழியிலும் முகாம்களிலும் சுமார் 4,000 பேர் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கண்ணீர்ப் பாதை என்று அதற்குப் பெயர். நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் பூடினாட்டும் ஒருவர். அதற்காக 1839ல் சொந்த ஜனங்களாலேயே கொல்லப்பட்டார். சீக்வோயா 1843ல், மெக்சிகோ பக்கம் போய்விட்ட செரோக்கிகளைத் தேடிப் போன இடத்தில் இறந்தார். கல்லறை எங்கே என்று உறுதியாகத் தெரியாது.

நியூ எக்கோட்டா காடு மண்டிப் போனது. 1954ல் அங்கே அகழ்ந்து பார்த்தபோது ஃபீனிக்ஸ் அச்சகத்தின் ஈய எழுத்துகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன.

மேற்கே போனவர்கள் சும்மா இருக்கவில்லை. இன்றைய ஓக்லஹோமாவில் டாலக்வா என்ற ஊரைத் தலைநகராக்கி, 1844ல் 'செரோக்கி அட்வகேட்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். பைபிள், பஞ்சாங்கம், சட்டம், பாட்டுப் புத்தகம் எல்லாம் அச்சாயின. 1906ல் செரோக்கி அரசையே கலைக்கும் ஏற்பாட்டில் அந்த அச்சகமும் மூடப்பட்டது. ரெண்டாவது தடவை. அதற்கப்புறம் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்ற பள்ளிக்கூடங்கள். எழுத்து சர்ச்சுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் ஒதுங்கிப் பிழைத்துக்கொண்டது.

*

இனிமே கம்ப்யூட்டர் காலம். யூனிகோடுக்கு முன்னாடி செரோக்கிக்காரங்க பட்ட பாடு நமக்குப் புதுசில்லை. ஆங்கில எழுத்துகள் உக்கார வேண்டிய இடத்துல செரோக்கி உருவங்களை வரைஞ்ச எழுத்துருவை வெச்சுக் காலம் தள்ளினாங்க. அந்த எழுத்துரு இல்லாத பொட்டியில திறந்தா கண்டபடி ஆங்கிலம் தெரியும். திஸ்கி, தாம், தாப்னு ஆளுக்கொரு எழுத்துருவை இறக்கிப் படிச்ச நம்ம ஆளுங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம் :-) அந்தக் காலத்துத் தமிழ்ப் பக்கங்கள்ல எத்தனை இன்னிக்குப் படிக்க முடியாம கிடக்குன்னு உங்களுக்கே தெரியும்.

1999ல் யூனிகோடு 3.0 வந்தது. சிங்களம், எத்தியோப்பியம், கெமர் எல்லாம் நுழைந்த அதே பதிப்பில் செரோக்கியும் நுழைந்தது. 85 எழுத்து. எண்களை யூனிகோடுகாரங்க பதினாறடிமானத்துல எழுதுவாங்க, நான் சாதாரண எண்ணாவே சொல்றேன். 5024ல ஆரம்பிச்சு 5108ல முடியும். வூஸ்டர் போட்ட கட்டத்தோட வரிசைதான் இங்கேயும். 'மு' 5053. அடுத்து உடனே 'ந' 5054. நடுவுல இடமே விடல, ஏன்னா அங்க ஓர் எழுத்து இருந்துச்சுங்கிறதை அச்சு உலகம் 170 வருஷம் முன்னாடியே மறந்தாச்சு.

2014ல் மைக்கேல் எவர்சனும் டர்பின் ஃபீலிங்கும் சேர்ந்து ஒரு முன்மொழிவு கொடுத்தார்கள். எவர்சன் உலகத்தின் பல சிறுபான்மை எழுத்துகளை யூனிகோடுக்குள் கொண்டுவந்த ஆள். ஃபீலிங் செரோக்கியைத் தாய்மொழியாகப் பேசிய மொழியியலாளர், 1975ல் வந்த செரோக்கி-ஆங்கில அகராதி அவருடையது. அவர்கள் கேட்டது ரெண்டு. தொலைந்த 86வது எழுத்து வேண்டும். அதோடு செரோக்கிக்குச் சின்ன எழுத்துகள் வேண்டும்.

முதல் கோரிக்கையை எடுத்துக்குங்க. யாருமே எழுதாத எழுத்துக்கு எதுக்கு எண்? இதைக் கேக்கறவங்க அச்சுக்கோப்பவர் மாதிரி யோசிக்கிறாங்க. ஈயத்துல வார்க்கக் காசு வேணும், பெட்டியில இடம் வேணும், அதனால கழட்டி விட்டதுல நியாயம் இருந்துச்சு. யூனிகோடுல பதினோரு லட்சத்துக்கு மேல இடம் இருக்கு. அது மட்டுமில்ல, சீக்வோயா எழுதின பட்டியலை அப்படியே தட்டச்சு பண்ணணும்னு ஓர் ஆராய்ச்சியாளரோ, ஏழாங்கிளாஸ் படிக்கிற செரோக்கிப் பையனோ நினைச்சா, 85 எழுத்து அடிச்சுட்டு 86வதுக்குப் படத்தை ஒட்டணுமா? அதை உருவாக்கினவர் போட்ட எழுத்து அது. இது போதும் காரணம்னு நான் நினைக்கிறேன். 2015ல யூனிகோடு 8.0 வந்தப்போ அதுக்கு 5109ங்கிற எண் கிடைச்சுது.

வரிசையில 'மு'வுக்குப் பக்கத்துல இல்ல, பாருங்க. கடைசியில. ஏன்னா 5054ல ஏற்கெனவே 'ந' குடியிருக்கு, யாரையும் நகத்த முடியாது. அகராதி வரிசைக்குத் தனியா ஒரு அட்டவணை பாத்துக்கும். இதுவும் நமக்குப் பழக்கம்தான். ன, ற, ள, ழ எல்லாம் யூனிகோடுல தேவநாகரி ஒழுங்குப்படி செருகப்பட்டு உக்காந்திருக்கு. வெறும் எண்ணை வெச்சு வரிசைப்படுத்தினா நம்ம அகராதி நாறிடும்.

*

யாரையும் நகத்த முடியாதுங்கிற இந்த விதி எங்கேர்ந்து வந்துச்சு? ஆரம்பத்துல யூனிகோடுகாரங்களும் நகத்தினவங்கதான். யூனிகோடு 1.1ல கொரிய எழுத்துகள் 6,656க்கு ஓர் இடம் கொடுத்திருந்தாங்க. 1996ல 2.0 வந்தப்போ அதை அப்படியே காலி பண்ணிட்டு, வேற இடத்துல 11,172 எழுத்தா புதுசா அடுக்கினாங்க. பழைய எண்ணுல சேமிச்சு வெச்சவன் கதி? அம்போ. அந்தக் கலாட்டாவுக்கு அப்புறம் போட்ட சத்தியம்தான் இது. ஒரு தடவை எண் கொடுத்தா அந்த எண்ணை நீக்கறதில்ல, நகத்தறதில்ல. அப்புறம் எழுத்தோட பேரையும் மாத்தறதில்லன்னு சேத்துக்கிட்டாங்க. பேர் தப்பா இருந்தாலும்! நம்ம ஆய்த எழுத்துக்கு யூனிகோடுல இன்னிக்கும் அதிகாரபூர்வப் பேர் 'தமிழ் விசர்க்கக் குறி'. தலைகீழா நின்னாலும் மாறாது.

2006ல வந்த 5.0லேர்ந்து இன்னொரு சத்தியம். ஒரு சொல்லை ஒரு தடவை மடக்கி வெச்சா, எதிர்காலத்துல எந்தப் பதிப்புல மடக்கினாலும் அதே விடை வரணும். இது ஏன் முக்கியம்னா, பயனர் பேர், கோப்புப் பேர், தேடுபொறி அட்டவணை எல்லாம் மடக்கின வடிவத்தைத்தான் சாவியா சேமிச்சு வெச்சிருக்கும்.

இப்ப செரோக்கியோட ரெண்டாவது கோரிக்கைக்கு வாங்க. 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள் சிலதுலயும் கையெழுத்துப் பிரதிகள்லயும் வாக்கியத்தோட முதல் எழுத்தும் பேரோட முதல் எழுத்தும் பெருசா, மத்ததெல்லாம் சிறுசா வரும். உருவம் ஒண்ணுதான், அளவுதான் வேற. இதை எழுத்துருவோட அலங்காரம்னு விட்டுடலாமா, இல்ல ஆங்கிலம் மாதிரி ரெண்டு தனி எழுத்தா கணக்கு வைக்கணுமா? ரெண்டு தனி எழுத்துன்னு முடிவாச்சு. 86 சின்ன எழுத்து வேணும். ஏற்கெனவே இருக்கிற 85ஐ என்ன பண்றது? பெருசுன்னு சொல்றதா, சிறுசுன்னு சொல்றதா?

சிறுசுன்னு சொல்லியிருந்தா எல்லாம் சுபம். புதுசா வர்ற பெருசுகள் பழைய சிறுசா மடங்கிட்டுப் போகும், ஆங்கிலம் மாதிரியே. 2018ல ஜார்ஜியன் எழுத்துக்கு (அமெரிக்க ஜார்ஜியா இல்லீங்க, காக்கசஸ் மலைப் பக்கம் இருக்கிற நாடு) அப்படித்தான் செஞ்சாங்க. பழசைச் சிறுசாவே விட்டுட்டு, புதுசாப் பெருசு சேர்த்தாங்க. ஆனா செரோக்கியில நிலைமை வேற. அதுவரைக்கும் வந்த எழுத்துருக்கள் எல்லாத்துலயும் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்து உயரத்துக்கு வரையப்பட்டிருக்கு. மக்கள் கண்ணுல பதிஞ்ச செரோக்கி அதுதான். இன்னிக்கும் பெரும்பாலான எழுத்து முழுக்க அந்த உயரத்துலதான் எழுதப்படுது. அதைப் போய்ச் 'சின்ன எழுத்து'ன்னு அறிவிச்சா, இருக்கிற எழுத்துருக்கள் எல்லாமே தப்புன்னு ஆயிடும்.

அதனால பழசைப் பெருசுன்னு வெச்சாங்க. புதுசா 86 சிறுசு. ஆறு பழைய தொகுதியிலேயே 5112லேர்ந்து 5117 வரைக்கும், மிச்சம் 80 தூரத்துல 43888லேர்ந்து 43967 வரைக்கும். ஒரே குடும்பத்துல பாதிப் பேர் அம்பத்தூர்லயும் பாதிப் பேர் துபாய்லயும் இருக்கிற மாதிரி.

இங்கதான் சத்தியம் குறுக்கே வந்துச்சு. வழக்கப்படி பெருசு சிறுசா மடங்கணும். ஆனா அந்தப் பெருசு 1999லேர்ந்து மடங்காம தன்னந்தனியா நின்னுக்கிட்டிருந்த எழுத்து. 2010ல ஒருத்தர் செரோக்கிப் பேர்ல ஒரு கணக்கு திறந்திருக்காருன்னு வைங்க. மடக்கினாலும் அதே எழுத்துதான், அதே சாவியாச் சேமிச்சாச்சு. 2015க்கு அப்புறம் மென்பொருளைப் புதுப்பிச்ச உடனே அவர் பேரை மடக்கினா 43 ஆயிரத்துச் சொச்சம் எண்கள் வருதுன்னா, சேமிச்ச சாவியோட பொருந்தாது. பேரும் அதுவே, ஆளும் அவரே, ஆனா உள்ள விட மாட்டேங்குது. அதனால பழசைத் தொடவே கூடாதுன்னு முடிவு பண்ணினாங்க. அன்னிக்கு வந்த புது எழுத்துகளுக்குப் பழைய தரவு எதுவும் கிடையாதே, அதை எப்படி வேணா மடக்கலாம். சிறுசைப் பெருசா மடக்கினாங்க. பட்டியல்ல தலைகீழா நிக்கிற அந்த வரிகள் அதுதான்.

நிரல் எழுதறவன் பார்வையில இது அசிங்கம். 'சின்ன எழுத்தாக்கு'ங்கிற செயலும் 'மடக்கு'ங்கிற செயலும் எல்லா மொழிக்கும் அநேகமா ஒரே விடை தரும்னு நம்பிக்கிட்டிருந்தவன் தலையில ஒரு குட்டு. இணைய முகவரிகள்ல கூட, மத்த எழுத்து எல்லாம் சிறுசுதான் செல்லும், செரோக்கிக்குப் பெருசுதான் செல்லும். புதுசு வந்த கொஞ்ச காலத்துக்கு இன்னொரு தொல்லையும் இருந்திருக்கும். எழுத்துரு பழசு, மென்பொருள் புதுசுன்னு அமைஞ்ச பொட்டியில, எதையாவது சின்ன எழுத்தாக்கினா கட்டம் கட்டமாத்தான் தெரியும். கட்டம் கட்டமாத் தமிழ் படிச்ச பரம்பரை நாம, அந்த வலி புரியும்.

ஆனாலும் நான் இந்த முடிவு பக்கம்தான். எதிர்த்தரப்பு வாதம் தெரியாம இல்ல. சின்ன எழுத்தே தேவையில்லாத ஆங்கில மோகம்னு சொல்லலாம். சொல்லட்டும், அதை முடிவு பண்ண வேண்டியது செரோக்கி எழுதறவங்க, ஃபீலிங் அவங்கள்ல ஒருத்தர். என்னோட கேள்வி அதில்ல. பட்டியல் அழகா இருக்கணுமா, பழைய எழுத்து படிக்கிற மாதிரி இருக்கணுமான்னா, ரெண்டு தடவை அச்சகத்தைப் பறிகொடுத்த ஜனங்களுக்கு எது முக்கியம்னு கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா? ஈய எழுத்தைக் காவல்படை தூக்கிட்டுப் போக முடிஞ்சுது. 5024ஐ யாரும் தூக்கிட்டுப் போக முடியாது, அதைக் கொடுத்தவங்களாலயே முடியாது.

இதைச் சொல்றப்போ நம்ம வீட்டுச் சண்டையும் ஞாபகம் வருது. தமிழுக்கு எல்லா உயிர்மெய்க்கும் தனித்தனி எண் கொடுக்கிற டேஸ்16 முறையை 2010ல செம்மொழி மாநாட்டுச் சமயத்துல யூனிகோடோட சேர்த்துத் தமிழக அரசு தரமா அறிவிச்சுது. செரோக்கிக்கு அசைக்கு ஓர் எண், கொரியனுக்கு அசைக்கு ஓர் எண், நமக்கு மட்டும் ஏன் இல்லைங்கிற கோபத்தை நானும் நிறையக் கேட்டிருக்கேன். கோபத்துல நியாயம் உண்டு. 1991ல முதல் பதிப்பு வந்தப்போ இந்திய அரசோட இஸ்கி முறையை அப்படியே எடுத்து வெச்சுட்டாங்க, தமிழ் ஆளுங்களைப் பெருசா யாரும் கேக்கல. ஆனா அப்புறம் 'முடியாது'ன்னு சொல்ல வெச்சதும் இதே சத்தியம்தான். ஒரே தமிழுக்கு ரெண்டு விதமா எண் இருந்தா, ஏற்கெனவே எழுதினது எல்லாம் பாதி உலகத்துக்கு வேற தமிழா ஆயிடும். செரோக்கிப் பேரைக் காப்பாத்தின விதியும் நம்மைத் தடுத்த விதியும் ஒண்ணுதான். ஒண்ணைப் பாராட்டிட்டு இன்னொண்ணைத் திட்ட எனக்கு வாய் வரமாட்டேங்குது. நீங்க திட்டலாம், பின்னூட்டப் பெட்டி திறந்துதான் இருக்கு.

*

எண் கிடைச்சதால என்ன ஆச்சுன்னு கேட்டா, நிறைய ஆச்சு. 2003ல ஆப்பிளோட மேக் ஓஎஸ் எக்ஸ் 10.3ல செரோக்கி எழுத்துரு வந்துச்சு. 2010 செப்டம்பர்ல ஐஃபோனோட ஐஓஎஸ் 4.1ல விசைப்பலகையோட வந்துச்சு. டாலக்வாவுல 2001லேர்ந்து முழுக்க செரோக்கியிலேயே பாடம் நடத்துற ஒரு பள்ளி இருக்கு, அந்தப் பிள்ளைங்க கைக்கு அது போனதுதான் முக்கியம். பெரியவங்க என்னதான் பாடம் எடுத்தாலும், பசங்க தங்களுக்குள்ள குறுஞ்செய்தி அனுப்பற மொழி எதுவோ அதுதான் அவங்க மொழி. 2011ல கூகுள் தேடல், 2012ல ஜிமெயில், அதே வருஷம் விண்டோஸ் 8னு வரிசையா வந்துச்சு.

அதனால மொழி பிழைச்சுக்கிச்சுன்னு சொல்லிட முடியாது. 2019ல் மூன்று செரோக்கி அரசுகளும் சேர்ந்து மொழிக்கு அவசரநிலை அறிவித்தன. தாய்மொழியாகப் பேசுவோர் அப்போதே சுமார் 2,000 பேர்தான், பெரும்பாலும் வயதானவர்கள். டர்பின் ஃபீலிங் 2020ல் காலமானார். 2022ல் டாலக்வாவில் அவர் பெயரில் ஒரு மொழி மையம் திறந்தார்கள்.

கொசுறு 1: பைத்தான் எழுதறவங்க பெரிய செரோக்கி எழுத்து ஒண்ணை எடுத்து 'லோயர்', 'கேஸ்ஃபோல்ட்' ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. முதலாவது சிறுசாக்கும், ரெண்டாவது அப்படியே விட்டுடும். ஒப்பிடறதுக்கு முதலாவதைப் போட்டு எழுதின நிரல் உங்க குழுவுல இருந்தா, இப்பவே போய்ப் பாத்துடுங்க. ஆணி புடுங்கினதாக் கணக்குல எழுதிக்கலாம்.

கொசுறு 2: 5109க்கும் ஒரு சின்ன எழுத்து உண்டு. நம்பர் 5117. பெருசையே அச்சுல போடாமக் கழட்டி விட்டாங்க, அதுக்கு ஒரு சிறுசு. நடுவுல 5110, 5111 ரெண்டும் காலியாக் கிடக்கு.